முப்பத்தொன்றாம் பக்கம்

தீர்ப்பு வந்த அன்று ஏரி உறைந்திருந்தது.
அதன் நிறம் யாருக்கும் தெரியாத மாதம்.

கிழக்கு ஃபின்லாந்தின் வரைபடத்தில் பாதி நீர்தான்.
அதில் எங்கள் ஏரி ஒரு நகக்கண் அளவு.
சதுப்பை வெட்டிக் கரிமண் எடுக்கும் நிறுவனத்துக்கு
இன்னும் பத்தாண்டு அனுமதி.
மே மாதம் அங்கிருந்து இறங்கும் நீர்
அடுப்பில் மறந்துபோன தேநீரின் நிறம்.
என் வலையில் மீனைவிடச் சேறு கனக்கும்.

அன்றிரவே எழுதினேன், உள்ளூர்ச் செய்தித்தாளுக்கு.
முதல் வரியில் நீதிபதியின் பெயர்.
இரண்டாம் வரியில் ‘விலைபோனவள்’.
எழுதியதும் ஒரு சுகம்,
பல் விழுந்த இடத்தை நாக்கால் துழாவுகிற சுகம்.
நூலகத்தில் கூடிய பதினெட்டுப் பேருக்கு வாசித்தேன்.
அந்தச் சொல்லுக்குத்தான் கைதட்டினார்கள்.
ரெய்யோ மட்டும் தட்டவில்லை;
உதட்டை அசைத்து
அதைச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

வியாழக்கிழமை.
நகராட்சி நீச்சல்குளத்தின் சவுனா.
மேல்பலகையில் நான்.
கதவைத் திறந்து வந்தாள் மார்கெட்டா சொர்வலி.
அங்கி இல்லை, ஆசனம் இல்லை,
யார் மேலும் ஒரு நூல்கூட இல்லாத இடம் அது.
முட்டியில் பழைய அறுவைத் தழும்பு.
வலத்தோளைத் தூக்க முடியாமல்
இடக்கையால் அகப்பையை எடுத்தாள்.
“இன்னும் ஊற்றட்டுமா?”
முன்பின் தெரியாதவரிடமும் கேட்கிற கேள்விதான்.
எனக்கு வாய் வரவில்லை. தலையசைத்தேன்.
கல் சீறியது.
இருவர் தோளிலும் ஒரே சூட்டில் இறங்கியது ஆவி.
என்னை அவளுக்கு அடையாளம் தெரிந்ததா,
இன்றுவரை தெரியாது.
விசாரணையில் மூன்றாம் வரிசையில் இருந்தேன்.

இரக்கம் வந்தது என்று நினைக்காதீர்கள்.
கோபம் குறையவில்லை.
அதை எங்கே வைப்பது என்பதுதான்
தெரியாமல் போனது.

வீட்டுக்கு வந்து தீர்ப்பை எடுத்தேன்.
ஆமாம், அதுவரை படிக்கவில்லை.
நாற்பத்தாறு பக்கத்தில் கடைசிப் பக்கத்தை மட்டும் பார்த்துவிட்டு
ஒரு பெண்ணுக்கு விலை வைத்திருந்தேன்.

முப்பத்தொன்றில் இருந்தது.
நீரை அள்ளிச் சோதித்தது மார்ச்சில்,
பனிக்கட்டியைத் துளையிட்டு.
மார்ச் நீர் தெளிவாகத்தான் இருக்கும்,
உறங்குகிறவன் பொய் சொல்லாததைப் போல.
அந்தக் கணக்கை நிறுவனம் கொடுத்தது.
நீதிமன்றம் நம்பியது. நம்பியது தவறு.
மே மாதம் என்ன ஆகும் என்று
எங்கள் வழக்கறிஞர் கேட்கவில்லை.
கேளுங்கள் என்று அவரிடம் நாங்களும் சொல்லவில்லை.

மறுபடி எழுதினேன்.
அவள் பெயர் ஒரே ஒரு முறை, பதவியோடு.
மார்ச். மே. பக்க எண்.
பணிந்தொன்றும் எழுதவில்லை:
‘இந்தத் தீர்ப்பு தவறு. இதோ, இந்த இடத்தில்.’

கூட்டத்தில் முகம் சுளித்தார்கள்.
பக்க எண்ணை வைத்து யார் கோஷம் போடுவார்கள்?
“இப்போது நீ எந்தப் பக்கம்?” என்றாள் ஐலி.
“முப்பத்தொன்றாம் பக்கம்.”
யாரும் சிரிக்கவில்லை.

அதற்குள் வேறொன்று நடந்து முடிந்திருந்தது.
சொர்வலி வீட்டு அஞ்சல் பெட்டியில்
சிவப்பு வண்ணத்தில் என் சொல்.
கையெழுத்து என்னுடையதல்ல,
ஒரு எழுத்துப்பிழைகூட இருந்தது.
ஆனாலும் பெற்றவள் நான்.

டர்பென்டைன், கிழிந்த சட்டை,
பூஜ்யத்துக்குக் கீழே பதினான்கு டிகிரி.
ரெய்யோவை அழைத்தேன்; எடுக்கவில்லை.
தேய்த்தேன். விரல் மரத்துப்போனது.
சன்னலில் திரை அசைந்தது.
யாரும் வெளியே வரவில்லை,
வர வேண்டிய அவசியமும் இல்லை.
சிவப்பு போய்விட்டது.
தகரத்தில் ஒரு மங்கல் மிச்சம்,
தெரிந்து பார்ப்பவர் வாசித்துவிடக்கூடிய மங்கல்.

கடிதம் சனிக்கிழமை வந்தது,
உள்ளே எங்கோ, டயர் விளம்பரத்துக்குக் கீழே.
மேல்முறையீடு இலையுதிர் காலத்தில்.

மே வரட்டும்.
கண்ணாடிப் புட்டிகளைக் கழுவிக் கவிழ்த்து வைத்திருக்கிறேன்.
ஒவ்வொன்றிலும் தேதி ஒட்ட வேண்டும்.